மச்சமா, கறையா

எங்கள் ஸ்டூடியோவுக்கு யாரும் படத்தை ரசிக்க வருவதில்லை. ‘அப்பாவுக்குக் கோட்டுப் போட்டு விடு, அம்மாவின் கழுத்தில் சங்கிலி வைத்து விடு’ என்று என் உயிரை வாங்கத்தான் வருவார்கள். 2004இல் ஹமீட் நானா என்ற முஸ்லிம் பெரியவர் வந்தது, வவுனியாவில் படம் திருத்துகிற பொம்பிளை ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு. முதலாளி சாப்பிடப் போகும்வரை சைக்கிளைப் பிடித்தபடி வெளியே நின்றுவிட்டு, பிறகுதான் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

“வேற ஆம்பிளையள் பாக்கக் கூடாது, தங்கச்சி. என்ர மனிசி சரீபாவுக்கு வாக்குக் குடுத்தனான்.”

கலியாணமான புதிதில், முல்லைத்தீவு வீட்டில், இரவல் கமராவால் அவரே எடுத்தது. ஒரு இளம்பெண் குசினிப் படியில் இருந்து தலை உலர்த்துகிறாள். முக்காடு இல்லை. ஈர முடி கழுத்தில் ஒட்டியிருக்கிறது. ‘சும்மா இருங்கோ’ என்று அதட்டப் போய்ச் சிரிப்பு வந்துவிட்ட முகம். அடேயப்பா! எத்தனை முகம் திருத்தியிருப்பேன், படமெடுத்தவனை இப்படிப் பார்த்த முகத்தைக் கண்டதேயில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

“அப்ப இதை ஆர் கழுவினது?” என்றேன்.

“இருட்டறைக்குள்ளதானே கழுவுறது. ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதான் அவவுக்கும் சொன்னன்.”

மனிதர் இன்னும் அதை நம்பிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் கழுவினவன் முழுதும் பார்த்திருப்பான் என்பது எனக்குத் தெரியும்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டு விரட்டிய பிறகு, புத்தளம் முகாமில் சரீபா காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. சமாதான காலத்தில் திரும்பி வந்த நானா, வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் தனி அறையில் இருந்துகொண்டு சைக்கிளில் துணி விற்றுவந்தார். படம் எந்நேரமும் சட்டைப் பையில். அவருடைய வேர்வையே அதைப் பழுதாக்கிவிட்டது. முகமும் கழுத்தும் புள்ளி புள்ளியாய்க் கறை.

கணினியில் பெரிதாக்கி ஒவ்வொரு கறையாக அழித்துக்கொண்டு வந்தேன். நானா பக்கத்துக் கதிரையில் இருந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குக் கீழே, ஒரு கறுத்த புள்ளியில் என் கை நின்றது.

“நானா, இது மச்சமா, கறையா? அழிக்கவா?”

கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“தெரியேல்ல, தங்கச்சி,” என்றார். “அல்லாவே, எனக்குத் தெரியேல்லையே.”

“ஆரிட்டயாவது கேட்டுப் பாருங்கோவன்.” என் வாயில் கொள்ளியை வைக்க!

“ஆரிட்டக் கேக்கிறது? ஒருத்தருக்கும் காட்டேல்லையே.”

 மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“ஒண்டையும் அழிக்காதேங்கோ,” என்றார் கடைசியில். “அழிச்சதையும் திருப்பிப் போடுங்கோ.”

போட்டேன். எல்லாக் கறைகளும் திரும்பி வந்தன. அவர் அந்த ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.