யோங்ரான் சித்தியின் வெள்ளைக் கையுறை

மெட்ரோவில் ஏறியதும் யோங்ரான் சித்தி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மேலே தொங்கும் பிடிகளைப் பார்ப்பார். அவற்றைப் பற்றியிருக்கும் விரல்களைப் பார்ப்பார். “அந்தப் பச்சைக் கோட்டுக்காரிக்கு ஓவல் கல். இந்தப் பொண்ணுக்குச் சதுரம் ஆகாது, விரல் இன்னும் குட்டையாத் தெரியும்” என்று என் காதில் முணுமுணுப்பார். ஒருமுறை வழுக்கைத் தலைக்காரர் ஒருவரைக் காட்டி, “அவருக்கு?” என்றேன். “அவனுக்கு எதுக்குடி வைரம்? தலையே உருண்டையா மின்னுதே!”

சித்தி எனக்கு உறவில்லை. நகைக்கடைகள் நெருங்கிய சோங்னோ வட்டாரத்தில் அப்பா நடத்தும் மோதிரக் கடையில் பதினேழு வருடமாக விற்பனைக்கு நிற்பவர். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைகழுவிய பிறகு நானும் அங்கே கண்ணாடி துடைக்கிறேன். துடைத்த இடத்தில் பூனை மீசை வரைந்து வைப்பேன்.

சித்திக்கு ஐம்பத்தாறு வயது. பொட்டல மிக்ஸ் காபியை வெந்நீரில் கொட்டி, அதன் காலி உறையாலேயே கலக்கிக் குடிப்பார். நிச்சய மோதிரம் வாங்க வருகிறவர்களிடம் “எந்த வடிவம் வேணும்?” என்று கேட்டதே இல்லை. “கையக் காட்டும்மா” என்பார். கண்ணாடிக்கல் பதித்த மாதிரி மோதிரங்கள் ஒரு தட்டில் இருக்கும்: வட்டம், ஓவல், துளி, சதுரம், படகு. அவற்றைத் தன் இடது கையில், வெள்ளைக் கையுறையின் மேலேயே, போட்டுக் காட்டுவார். மற்றக் கடைக்காரிகள் கல்லைத் தொடும்போதுதான் கையுறை போடுவார்கள். சித்தி சாப்பிடும்போதும் இடது கையுறையைக் கழற்றுவதில்லை.

தினமும் காலையில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, அந்தக் கையுறையின் மோதிர விரலுக்குள் எதையோ திணிப்பார். கல்தான் ஒளிக்கிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை அவர் கழிவறைக்குப் போன நேரம், நனையக் கூடாதென்று கழற்றிய கையுறை காபி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. உள்ளே வெறும் பஞ்சு. ஏமாந்த எரிச்சலில் பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான் கொறித்துக்கொண்டிருந்த சோளப்பொரிக் குச்சியில் ஒரு துண்டை ஒடித்து அந்த விரலுக்குள் செருகினேன். பஞ்சு எதற்கு என்று யோசிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போரம் என்ற பெண்ணும் அவளுடைய வருங்கால மாமியாரும் வந்தார்கள். மாப்பிள்ளை காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். சோங்னோவில் அது கல்யாணத்தைவிட நீளமான வேலை. அப்பா போட்ட கூப்பாட்டில் சித்தி கையுறையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

“கையக் காட்டும்மா.”

போரம் கோட்டுப் பைக்குள்ளிருந்து கைகளை எடுக்கவில்லை. “வேணாங்க, அளவு தெரியும். பதினாலு. வட்டமே குடுங்க.”

“சலூன்ல இவளுக்கு வேலை” என்றார் மாமியார். “சாயம் ஊறி ஊறிக் கை அப்பிடி ஆயிருச்சு. வெளிய எடுக்க வெக்கம். வட்டம் போதும், எல்லாரும் அதத்தான போடுறாங்க.”

“சரிங்க அத்தை” என்றாள் போரம், தரையைப் பார்த்து. ஆயுளுக்கும் விரலில் கிடக்கப்போகிற கல்லை, கையைக் காட்டாமல் தப்பித்தால் போதும் என்று ஒப்புக்கொண்டாள்.

“சரி, என் கையில பாரு” என்று சித்தி ஓவலை எடுத்துத் தன் விரலில் அழுத்தினார்.

நொறுக்.

வெள்ளை விரல் பாதியில் மடிந்து தொங்கியது. “ஐயையோ!” என்று மாமியார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். என் தொண்டைக்கு வந்துவிட்ட சிரிப்பு அங்கேயே செத்தது. சித்தி கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவர் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, பளபளவென்றிருந்த தராசைத் துடைத்தார். அந்த விரலைப் பற்றி அவருக்கும் அன்றுவரை தெரியாது.

பிறகு சித்தி கையுறையை உருவிவிட்டு அந்தக் கையைத் தட்டின் மேல் வைத்தார். மோதிர விரல் நடுக்கணுவோடு முடிந்திருந்தது. அதன் நுனியில் பொரித்தூள்.

“பத்தொம்பது வயசுல, செருப்புக் கம்பெனி மெஷின் தின்னுருச்சு” என்றார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. தூளைத் துடைத்துவிட்டு ஓவலை மாட்டினார். “பாரும்மா. இதுக்கே கொஞ்சம் நீளம் குடுக்குதுல்ல?”

போரம் கையை வெளியே எடுத்தாள். கறுத்த நகங்கள், வெடித்த தோல், தடித்த கணுக்கள். ஓவலைப் போட்டாள், படகைப் போட்டாள், திரும்பவும் ஓவலைப் போட்டாள். “அத்தை, எனக்கு வட்டம் வேணாம்” என்றாள். மாமியார் நாற்காலியைத் திரும்ப முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு சித்தி வெகுநேரம் கை கழுவினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியாவது தப்பித்திருப்பேன். திரும்பும்போது மெட்ரோவில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் என் எதிரே வந்து நின்றார்.

“எங்கடி என் பஞ்சு?”

அதே சட்டையின் பையிலிருந்து எடுத்தேன். உருண்டு அழுக்காகியிருந்தது. சித்தி சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கையுறையின் வாயை இரண்டு கையாலும் விரித்து, என் பக்கமாக நீட்டினார்.