பாழ் என்று எழுதிய கேசட்

எனக்குப் பாட வராது. சுருதிப் பெட்டிக்கும் என் தொண்டைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் மற்றவர் பாட்டில் எந்த இடத்தில் ஸ்வரம் பிசகுகிறது என்று சொல்ல என்னை விட்டால் டெல்லி கிட்வாய் நகரில் ஆள் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் நம்பியதோடு நிற்காமல் நாலு பேரை நம்பவும் வைத்தேன்.

எழுபதுகளில் டெல்லி என்னைப் போன்ற ஆசைக்காரனுக்கு ஏற்ற ஊராக இருந்தது. குளிர்காலத்தில் புல்வெளியில் ஷாமியானா போட்டு ஹிந்துஸ்தானிக் கச்சேரி நடக்கும். மஃப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேட்பேன். தூதரக அரங்குகளில் காசில்லாமல் படம் போடுவார்கள். போலந்தோ ஹங்கேரியோ, எந்த நாட்டுப் படமானாலும் ஆபீஸ் விட்டதும் நேரே அங்கே. கஜல் பிடித்துப்போய், உருது வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டு எங்கள் செக்‌ஷனில் இருந்த லக்னோக்காரரை நச்சரித்தேன். ஊரிலிருந்து தபாலில் வரும் சிறுபத்திரிகைகளை விளம்பரம் உட்படப் படிப்பேன். நாவல்களில் பெண்கள் அழுகிற இடங்களில் பென்சிலால் கோடு போடுவேன். பழைய தமிழ் சினிமாப் பாட்டுகளும் எனக்கு உயிர். அதை மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் நண்பர்கள் மூன்று நான்கு பேர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார்கள். நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள். யாருக்காவது நான் ரசித்தது பிடிக்கவில்லை என்றால் கழுதைக்கும் கற்பூர வாசனைக்கும் போய்விடுவேன்.

என் மனைவியை நான் கட்டிக்கொண்டதே அவள் குரலுக்காகத்தான். திருநெல்வேலியில் பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். சரணத்தை இன்னொரு தடவை பாடச் சொல்லி நானே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த என் அப்பா தொடையில் கிள்ளினார். பெண் வீட்டார் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மறுபடி பாடினாள்.

டெல்லிக்கு வந்த புதிதில் அவள் அடுப்படியில் பாடிக்கொண்டேதான் வேலை செய்வாள். நான் கூடத்திலிருந்து திருத்துவேன். "காந்தாரம் கொஞ்சம் கீழ நிக்குது பாரு." "எதுக்கு இப்படி அவசரப்படுத?" முதல் வருடம் அவள் அதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டாள். ஒருநாள், "அப்ப நீங்களே பாடிக் காட்டுங்களேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான், ஆனால் அது என் கதை என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகத் திருத்தினேன்.

நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரு ஞாயிறு அவர்கள் முன் பாடினாள். எல்லாரும் சபாஷ் என்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குரல் இருக்கு. ஞானந்தான் பத்தாது" என்றேன். இதைச் சொல்லிவிட்டு எந்த இடத்தில் பத்தவில்லை என்று கால்மணி நேரம் விளக்கினேன். அவள் எழுந்து காபி போடப் போனாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் டம்ளர்களோடு வருவாள், டம்ளர்களோடு போவாள்.

அந்த வருடம்தான் ஒரு தூதரக அரங்கில் ஒரு படம் பார்த்தேன். கணவன் கையை ஓங்குவதில்லை; பேச்சிலேயே பெண்டாட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊமையாக்குகிறான். நான் அழுதேன். பஸ் பிடிக்க மனமில்லாமல் பாதித் தூரம் நடந்தே வந்தேன். அடுத்த மூன்று ஞாயிறும் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பெண்ணின் மௌனத்தை நான் வர்ணித்தபோது ஒரு நண்பருக்குக் கண் கலங்கியது. மூன்று ஞாயிறும் காபி கொண்டுவந்து வைத்தவள் யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு மரியாதையாகச் சொன்ன வார்த்தை! என்னைப் போன்றவனுக்குத் தன் முகமே தெரியாது.

பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. சிங்கப்பூர் போய்வந்த ஒருவரிடம் வாங்கியது. ரேடியோவிலிருந்து நேராகப் பதிய அதில் வழி இல்லை. ரேடியோவுக்கு எதிரே ஸ்டூலில் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, வீடே மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். ஜூன் மாத வெயிலிலும் ஃபேனை நிறுத்துவேன். மகளைக் கீழே விளையாட அனுப்பிவிடுவேன். கதவு இடுக்கில் துண்டைச் செருகுவேன். குக்கர் வைக்கக் கூடாது, கரண்டி விழக் கூடாது. இப்படிச் சேர்ந்த கேசட்டுகளை ராகம் வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் முத்து முத்தாகப் பெயர் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை ரேடியோவில் வயதான ஒரு பாடகி பைரவ் ராகம் பாடினார். நம் பக்கத்தில் அது மாயாமாளவகௌளை. பாட்டுக் கற்கும் எந்தக் குழந்தையும் முதலில் பாடுகிற ஸ்வரங்கள். அபூர்வமான ஒலிபரப்பு, நான் வாரக்கணக்காகக் காத்திருந்தது. பாதியில் அடுப்படியிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவள் தன்னை மறந்து கூடவே பாடிக்கொண்டிருந்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். முனகல் நின்றது. ஆனால் கேசட் போயிற்று. அதன் மேல் 'பாழ்' என்று எழுதி, பீரோவுக்குப் பின்னால் வீசினேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

ஐந்தாறு வருடம் போனது. கீழ்வீட்டில் இருந்த பஞ்சாபி அம்மாள், வீட்டுக்காரருக்கு மாற்றலாகி, சாமானெல்லாம் லாரியில் ஏற்றிய பிறகு சொல்லிக்கொள்ள மேலே வந்தார். என் மனைவி மார்க்கெட் போயிருந்தாள். போகும்போது அந்த அம்மாள் ஹிந்தியில் கேட்டார்: "பாய் சாப், முன்னெல்லாம் காலையில் உங்கள் வீட்டிலிருந்து பாபிஜியின் பாட்டு கேட்குமே. ஏன் நின்றுவிட்டது? நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் மாவு பிசைவேன்."

"அது ரேடியோவாக இருக்கும்" என்றேன்.

"ரேடியோவில் நடுவில் கடுகு வெடிக்குமா?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் கடைசியாக எப்போது பாடினாள்? உலகத்துப் பாடகர்களின் தேதிகளெல்லாம் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. ஐந்தாறு வருடமாக என் வீட்டில் பாட்டு இல்லை. காது உள்ளவன் என்று பெயர் வாங்கிய எனக்கு அது கேட்கவில்லை. மாவு பிசைகிறவருக்குக் கேட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

பீரோவை நகர்த்தி, தூசிக்குள்ளிருந்து அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டேன். பாடகி பைரவை மெல்ல விரித்துக்கொண்டு போகிறார். தூரத்தில் இவள் சேர்ந்துகொள்கிறாள். அதே சுருதி. பாடகி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் இவள் நிறுத்தவில்லை. ரிஷபத்தில் சின்னதாக ஓர் அசைப்பு கொடுத்து இறங்கி, அவர் மறுபடி எடுக்கும் ஸட்ஜத்தில் வந்து காத்திருக்கிறாள். என் காது குற்றம் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. அப்போது ஓர் ஆண் குரல், மைக்குக்குப் பக்கத்தில், பாடகியைவிட உரக்க:

"ஏட்டி! அறிவிருக்கா ஒனக்கு? ரெக்கார்டிங் ஓடுதுல்லா? வாய மூடு!"

அதற்குப் பிறகு பாடகி மட்டும்தான். அந்தப் பக்கம் முடியும்வரை அடுப்படியிலிருந்து ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை.

அவள் பைகளோடு வந்ததும், உட்காரச் சொல்லிப் போட்டுக் காட்டினேன். மடியில் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். என் குரல் வந்தபோதும் கை நிற்கவில்லை.

"அந்த அம்மா நல்லாப் பாடியிருக்காவ" என்றாள்.

"நீயும் நல்லாப் பாடியிருக்க. நான்தான் பாவி. இப்ப ஒண்ணு பாடேன்" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. என்னை ஏதோ விலாசம் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இப்பவா? உலை வைக்கணும்லா?" எழுந்து தோலையெல்லாம் முறத்தில் வாரினாள். அடுப்படி வாசலில் நின்று, எனக்கு உதவி செய்கிற குரலில் சொன்னாள்: "அந்தக் கேசட் சும்மாத்தான கெடக்கு. அதுமேல வேற எதையாவது பதிஞ்சிக்கிடுங்க."

அவள் குரல் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் எதையும் பதிய முடியாது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி உடைத்தேன். உடைத்த பிறகுதான் உறைத்தது: இனி என் அதட்டலையும் அழிக்க முடியாது.