இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு புட்டி

பதினோரு வருஷம் அவர் பார்த்த வயர்மேன் வேலை ஒரே நாளில் கையை விட்டுப் போனது. சிவப்பு வயரையும் பச்சை வயரையும் மாற்றி முடுக்கியதில் மோட்டார் ஒன்று புகைந்தது. கண்ணைச் சோதித்த பிறகுதான், பிறந்ததிலிருந்தே அவருக்கு இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரிகிறது என்பது வெளியே வந்தது. இத்தனை நாளும் வயர் இருக்கும் இடத்தை வைத்தே சமாளித்திருக்கிறார். கூட இருந்தவர்கள் 'பச்சை' என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். மனைவி மட்டும், "தக்காளி ஏன் எப்பவும் காயாவே வாங்கிட்டு வர்றீங்கன்னு இப்பத்தான் புரியுது" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாள்.

மூன்று மாதம் வீட்டில் சும்மா கிடந்தவரை மச்சான்தான் தேற்றினான். அவன் லாரி ஓட்டும் மருந்துப் புட்டித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டான். பச்சை என்ற பெயரும் அவன் வாய்வழியாக அங்கே வந்து சேர்ந்தது.

பரிசோதனை அறை மேடத்தின் மேஜையில் ஒரு விளக்கும், அதன்மேல் கறுப்புக் கண்ணாடி மாதிரி இரண்டு தகடும் இருந்தன. பெட்டி வைக்கப் போனவர், மேல் தகட்டை மேடம் கால் வட்டம் திருப்பியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். விளக்கு எரிகிறது; வெளிச்சத்தைக் காணோம்.

"மின்சாரமும் காந்தமும் சேர்ந்து குலுங்கிக்கிட்டே ஓடுறதுதான் ஒளி. ரேடியோ அலையும் அதே குடும்பம்" என்றார் மேடம்.

"அப்ப கம்பியில்லாம ஓடுற கரண்டா?"

"கரண்டுன்னு சொல்ல முடியாது. உங்க பழைய வேலைக்குப் பங்காளின்னு வச்சுக்கோங்க."

மேலும் கீழும், பக்கவாட்டில், சாய்வாக என்று பல வாக்கில் குலுங்கி வரும் ஒளியில் முதல் தகடு ஒரு வாக்கை மட்டும் விடுமாம். குறுக்கே வைத்த இரண்டாவது தகடு அதையும் மறித்துவிடும். நடுவில் வைக்கும் புட்டி நிதானமாக ஆறியிருந்தால் இருட்டு அப்படியே இருக்கும். அவசரமாகக் குளிர்ந்து உள்ளே இறுக்கம் தங்கிய கண்ணாடி, குலுக்கத்தின் வாக்கை மாற்றிவிடும்; அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

பச்சை தன் கண்ணின் குறையை மறைக்காமல் சொன்னார். இங்கே இருட்டும் வெளிச்சமும் தெரிந்தால் போதும் என்ற மேடம், மேலாளரிடம் பேசி அவரை அந்த மேஜையிலேயே உட்கார வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில், புட்டிகளின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெளுப்பைக் கண்டார் பச்சை. உடனே வேலையை நிறுத்தச் சொன்னார். சூப்பர்வைசர் வந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை என்று கடிந்தார். லாரி வேறு பாதி ஏற்றியாகிவிட்டது. பச்சை அசைந்து கொடுக்கவில்லை. மேடம் பத்துப் புட்டிகளை வெந்நீரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டார். ஆறு புட்டிகள் கழுத்தோடு உடைந்துபோயின. ஆற வைக்கும் சூளையில் ஒரு பக்கத்து ஹீட்டர் எரியாமலே இருந்திருக்கிறது. ஏற்றிய பெட்டிகளை முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான் மச்சான். ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த புட்டிகள் அவை.

அடுத்த விடுமுறையில் பச்சை மனைவியோடு மேடம் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் யோசித்து வைத்தது வாசலில் மறந்துபோனது.

"உபயோகமில்லைன்னு நானே வெறுத்த கண்ணு மேடம் இது. நீங்கதான் அதுக்கு ஒரு வேலை கொடுத்தீங்க."

மேடம் கதவை அகலத் திறந்தார். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். பிறகு பெண்கள் இருவரும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சை மனம் நிறைந்து பக்கத்தில் இருந்தார்.