எனக்காக வறுத்த பீபெரி

எங்கள் எஸ்டேட் ஆபீசில் எல்லோருக்கும் சிக்கரி கலந்த காபிதான். மேனேஜர் தன் கையால் பீபெரி என்கிற உருண்டைக் காபிக் கொட்டையை வறுத்து, அரைத்து, ஒருவருக்கு மட்டும் ஒற்றை டம்ளரில் காபி போட்டுக் கொடுத்தால் அவருக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம். அப்படிக் குடித்துவிட்டு மலை இறங்கிப் போன இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

அன்று ஜன்னலுக்கு வெளியே மிளகுக் கொடிகூடத் தெரியாத பனி. பத்து மணிக்கு வறுபடும் வாசனை வந்தது. ஆபீசைக் கூட்டும் அக்கா என் மேஜையருகே வந்து குரலைத் தணித்தார்.

"ஏனுங்க, உங்களைத்தானுங்க கூப்பிடறாரு. டம்ளர் ஒண்ணுதான் வெச்சிருக்காருங்க."

இருபது வருஷமாகக் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை தவிர எதுவும் தெரியாதவன் நான். வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

"உக்காருங்க ரைட்டரே. குடிங்க."

குடித்தேன். என் வாய்க்கு எப்போதுமே பயம் கிடையாது, பயமெல்லாம் எனக்குத்தான்.

"அனுப்பறதுன்னா அனுப்பிருங்க சார். அதுக்கு இப்படிக் கருக்கிக் குடுக்கோணுமாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "போனவங்க ரெண்டு பேரும் நொம்ப நல்லாருக்குன்னு சொன்னாங்களே?"

"வேலை போறப்ப வேற என்னங்க சொல்லுவாங்க?"

"உங்களை யாரு அனுப்பறா? இது வியாபாரிக்குப் போற சாம்பிளுங்க. நீங்கதான் உள்ளதைச் சொல்லுவீங்கன்னு கூப்பிட்டேன்."

மத்தியானம் வரை அவர் வறுத்தார், நான் அவர் நாற்காலியில் சாய்ந்து குறை சொன்னேன். அப்படி ஒரு நாள் எனக்கு அந்த ஆபீசில் வாய்த்ததில்லை. நாலாவது வறுவலில் காபி அருமையாக வந்தது.

அன்றிலிருந்து ருசி பார்ப்பதும் என் வேலை. போன வாரம் ஒரு டம்ளர் நீட்டினார். நன்றாக இருந்தது.

"இதுவும் சாம்பிளுங்களா?" என்றேன்.

அவர் இன்னொரு டம்ளரை எடுத்துத் துடைத்துத் தனக்கும் ஊற்ற ஆரம்பித்தார்.