கேபின் ஓட்டை

எங்கள் அத்தான் தியேட்டர் ஆபரேட்டர். திரையில் படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவருடைய கேபின் சுவரில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. மனுஷன் பாதி ஆயுளை அதில் ஒற்றைக் கண்ணை வைத்தே கழித்துவிட்டார். சாப்பிடும்போதுகூட அந்தக் கண் கொஞ்சம் இடுங்கித்தான் இருக்கும்.

அங்கே அடிக்கடி திரும்பி வரும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மாடியில் குடியிருப்பவன் பலகை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டைப் பார்க்கிறான். கீழே இருப்பவன் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டானோ என்று அவனுக்குச் சந்தேகம். கடைசியில் கீழே இருப்பவன் சட்டென்று தலையைத் தூக்கி நேராக நம்மைப் பார்ப்பான். தியேட்டரே அலறும். கதை தெரிந்தவர்களும் மறுபடி மறுபடி வருவார்கள். அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? கேன்டீன் என்னுடையது, எனக்கு டீ விற்றால் சரி.

"பார்த்த படத்தையே பார்க்குறீங்களே, சலிக்காதா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"படத்தை யாரு பார்த்தா? உட்கார்ந்திருக்கிறவங்களப் பார்ப்பேன்" என்றார் அத்தான். சும்மா இருந்திருக்கலாம்.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எவளடா பார்க்குறாரு? எனக்குத் தெரிஞ்சாகணும்." மதிய ஆட்டத்துக்கு முக்காடு போட்டுக்கொண்டு தினமும் வந்தாள். ரகளை பண்ணிவிடுவாளோ என்று பயந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கண்ணாடிக்காரியா?"

"சும்மா இரு அக்கா, தாயே."

அந்த வாரமே அத்தான் கேன்டீனுக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "உங்கக்கா மதியானம் வீட்லதான இருக்கா?"

"ஏன் அத்தான்?"

"தினமும் முக்காடு போட்டுக்கிட்டு ஒருத்தி வர்றா. தலையைச் சாய்ச்சு உட்கார்ற விதம் அப்படியே அவதான். பக்கத்துல ஒரு தடியன் வேற. அவளா மட்டும் இருந்தா, அன்னிக்கே உறவு முடிஞ்சுது."

தடியன் நான்தான். டீ புரையேறியது. எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அடி எனக்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். அக்காவிடம் மட்டும், "வந்தது போதும்" என்று கெஞ்சினேன். "இன்னிக்கு ஒரு நாள்டா" என்றாள்.

ஒரு ரீல் முடியும் நேரத்தில் திரை மூலையில் புள்ளி ஒன்று வரும். உடனே அடுத்த மெஷினை ஓட்டவேண்டும். அத்தான் அதைத் தவறவிட்டதே இல்லை. அன்று கீழ்வீட்டுக்காரன் தலையைத் தூக்கத் தொடங்கிய இடத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. அரங்கம் பளீரென்றது.

"யோவ் ஆபரேட்டர்!"

விசில் பறந்தது. அத்தனை தலையும் திரும்பி மேலே ஓட்டையைப் பார்த்தது. அங்கே அத்தானின் கண். அக்காவும் திரும்பினாள், முக்காடு நழுவியது.

அத்தான் படியிறங்கி ஓடிவந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "நீயாடா அந்தத் தடியன்?" அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

"எவளைப் பார்க்குறீங்கன்னு பார்க்கத்தான் வந்தேன்" என்றாள் அக்கா.

"உன்னையத்தான்டி! வாரம் பூரா உன்னைத் தவிர யாரையும் பார்க்கல!"

பக்கத்து வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அக்கா அசையவில்லை.

"சரி. இந்த வாரம் என்னை. அதுக்கு முன்னாடி?"

அத்தான், மேலே மெஷினைக் கவனிக்கணும் என்று படியேறிப் போனார். மீதிப் படம் ஓடியது. எல்லோரும் அலறும் இடத்தில் அக்கா மட்டும் திரும்பி ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.