மரியதாஸும் இரும்பைக் குத்திய குமிழியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் பாகூர் மெக்கானிக் மரியதாஸ். ஆனாலும் எந்தப் பம்பு இருமினாலும் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். நாற்பது வருடமாக அவர் கைப்பட்ட பம்பு பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை, ஒன்றைத் தவிர. அது ஏம்பலம் தையலம்மாளுடையது.

"அண்ணே, எட்டு மாசத்துல மூணாவது இம்பெல்லரு போச்சு. கரும்பு காயுது. இன்னொண்ணும் போச்சுன்னா ஊரு பூரா உன் பேரை நாறடிச்சிடுவேன்."

தண்ணீரைத் தள்ளும் அந்தச் சக்கரத்தை மரியதாஸ் விரலால் தடவினார்.

"பம்பு கடை இன்ஜினியரு பிரிட்டோ, மணலு அரிச்சதுன்றாரு" என்றாள்.

"மணலு தேச்சா வழவழன்னு இருக்கும். இது அம்மை போட்ட மூஞ்சி. குமிழி குத்துனது."

"நுரை போயி இரும்பைக் கடிக்குமா? காலையிலயே ஏத்திக்கினியா?"

மரியதாஸ் சிரித்தார். போன முறையே சந்தேகப்பட்டு, பம்பு மூடியின் உட்புறம் லாரி டியூப் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார். மூடியைத் திருப்பிக் காட்டினார். சுற்றிலும் இரும்பு சொத்தை. ரப்பரில் கீறல்கூட இல்லை.

"குமிழி உடையறப்போ ஊசி மாதிரி தண்ணி பீச்சும் தையலு. இரும்பு வெறைச்சிக்கினு நிக்குது, அதைப் பாத்தே குத்தும். ரப்பரு நெளிஞ்சி குடுக்குது, குத்து அந்தாண்ட திரும்பிடும். பம்பு மூச்சு முட்டுனாத்தான் குமிழி வரும். புதுசு வாங்காத. இந்தச் சொத்தையையே மாட்டறேன். கரும்பு வெட்டுற வரைக்கும் ஓடலன்னா ஸ்பேனரைத் தொட மாட்டேன்."

அன்றே ஏம்பலம் போய் மாட்டி ஓட்டினார். உள்ளே குமிழிகள் உடைந்து பொரி வறுக்கும் சத்தம். மோட்டாரை நிறுத்திவிட்டு, அறுபத்தேழு வயதில் தானே கிணற்றில் இறங்கினார். உறிஞ்சு குழாயின் வாயில் இருந்த புட்வால்வில் பழைய புடவை ஒன்று நாலு சுற்று சுற்றி, பாசி அப்பிக் கிடந்தது.

"யாரு கட்டுனது?"

தையலம்மாள் தலையைச் சொறிந்தாள். "பாசி ஏறக் கூடாதுன்னு நான்தாண்ணே. எங்க மாமியா புடவை. செத்தும் என் குடியைக் கெடுக்கறா பாரு!"

புடவையை அறுத்தெறிந்து, அகலக் கண் கம்பிவலை கட்டினார். மறுபடி ஓட்டியபோது பொரி வறுபடவில்லை. தண்ணீர் குழாய் நிறைந்து பாய்ந்தது.

கரும்பு வெட்டி முடித்த அன்று எல்லார் எதிரிலும் பம்பைப் பிரித்தார். சக்கரத்தின் பழைய குழிகளுக்குள் துரு படிந்திருந்தது. புதுக்குழி ஒன்றுகூட இல்லை.

"இந்தச் சக்கரத்தை எடுத்துக்கினு போயி பிரிட்டோ கிட்ட காட்டு" என்றார். "பாத்து முடிச்சதும் மறக்காம திருப்பி வாங்கிக்கினு வா. அடுத்த கரும்புக்கும் அதான் ஓடப்போவுது."