சூரியன் இல்லாத மூன்று நாட்கள்

ஆவடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. என் கணவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, நடுவயதில் யூத முறைப்படி வாழத் தொடங்கியவர். அவரைப் போல மாறிய சில குடும்பத்தினர் பாரிவாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் கூடுவார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், எந்த வேலையும் செய்யக்கூடாது, எழுதக்கூடாது. அதனால் ஒரு ஞாயிறன்று என்னை அழைத்து வெள்ளைப் பலகை முன் நிறுத்தினார்கள். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்று வேதம் சொல்வதும் இயற்பியலும் ஒத்துப்போகுமா என்று நான் பேச வேண்டும். ஏற்பாடு கணவருடையது.

எல்லாப் பொருளும் ஆதியில் கடுகளவாக இருந்து விரிந்தது என்று பழைய யூத மதகுரு, ரபி ஒருவரே எழுதியிருக்கிறாராம். கணவர் தேடிக் கொடுத்திருந்தார். அதில் தொடங்கினேன்.

"சூரியன் நாலாவது நாள்தான் வருது. அதுக்கு முந்தின மூணு நாளை எதை வெச்சு அளக்கறது? அந்த நாள் ஒவ்வொண்ணும் பல கோடி வருஷமாகூட இருக்கலாம்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். சனிக்கிழமை வரமாட்டேன் என்றதால் வேலை போயிற்று. மனைவியும் பிள்ளைகளோடு வேப்பம்பட்டில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இன்னா டீச்சர் சொல்ற? ஆறு நாளு ஆறு நாளு இல்லியா?"

"இல்லாம இருக்கலாம்னு சொல்றேன்."

"அப்போ ஏழாவது நாளு? இன்னாத்துக்கு வேலய வுட்டேன் நானு? என் பொண்டாட்டி இன்னாத்துக்கு ஊட்ட வுட்டுப் போனா?"

"உக்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினேன். அவர் உட்கார்ந்திருந்த இரும்பு மடக்கு நாற்காலி என் பின்தலையில் விழுந்தது. முகம் பலகையில் மோத, முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. வாயெல்லாம் ரத்தம்.

கணவர் கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் அள்ளி வெளியே விடுபவர். அவர் அந்த மனிதரின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். கீழே விழுந்தவரின் கைமேல் அதே நாற்காலியை ஓங்கி இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "சாவுடா, சாவு" என்று குரல் உயர்த்தாமலே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் நானும் அடிபட்டவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவரைப் பார்த்துப் பயமில்லை. எதிரே நின்ற கணவரைப் பார்க்கத்தான் முடியவில்லை. அதன்பின் பல மாதங்கள், அவர் கை தோளில் பட்டாலே என் உடம்பு இறுகும்.

யூதர்கள் வருஷம் ஒருமுறை இருக்கும் பாவநிவர்த்தி நோன்புக்கு முன் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒருவருக்குச் செய்த குற்றத்தை அவரே மன்னிக்காமல் கடவுள் மன்னிப்பதில்லை என்பது அவர்கள் போதனை.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர். மன்னிச்சுக்கோ."

மன்னித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"சனிக்கிழமைன்றது நெசமா, இல்லியா?"

"நாளுக்குப் பூமி சுத்தறது இருக்கு. மாசத்துக்கு நிலா, வருஷத்துக்கு சூரியன். வாரத்துக்கு வானத்துல ஒண்ணுமே இல்லண்ணே. மனுஷங்க விடாம கடைப்பிடிக்கறதாலதான் அது இருக்கு. என் இயற்பியல் அதைக் கொடுக்கவும் இல்ல, பறிக்கவும் முடியாது."

"நான் வுட்டா பூடுமா?"

"உங்களுக்குப் போயிடும்."

"வுட மாட்டேன்" என்றார்.

உள்ளறையிலிருந்து கணவர் வந்தார். அந்த மனிதர் சட்டென்று எழுந்து, கோணிப்போன விரல்களால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னையும் மன்னிக்கணும்."

"இப்போ முடியாது அண்ணாத்தே. அடுத்த வருஷம் கேளு."

அடுத்த வருஷம் கணவர் போய்க் கேட்டார். மன்னிப்பு கிடைத்தது. என்னிடம் அவர் இதுவரை கேட்கவில்லை. அடித்தது எனக்காக என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.